கேரவன் கட்டினால் எண்ணெய் எங்கே போகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: பிக்கப் எண்ணெய் குடிக்கிறது, அதுவும் பின்னால் எதையாவது கட்டி இழுத்தால் கேட்கவே வேண்டாம். லிட்டர் 2.15 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) டீசல் ஊற்றிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு கடிதம்கூட எனக்கு வந்ததில்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் அது ஒரே இரவில் 3.35 ஆனது. அப்புறம் விலை ஏறியும் இறங்கியும் வந்தாலும், அன்று கையில் எடுத்த கால்குலேட்டரை யாரும் கீழே வைக்கவில்லை. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு, இழுவையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பேட்டரி பற்றிக் கேட்ட செலாயாங் வாசகர் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: ஐயா, என்னுடையது 2.8 டீசல் ஹைலக்ஸ் பிக்கப், ஆட்டோ கியர், வாங்கி நான்கு வருடம். தனியாக ஓட்டினால் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும். இரண்டாம் கையாக ஒரு கேரவன் (பின்னால் கட்டி இழுக்கிற வீட்டு வண்டி) வாங்கினேன், சாமான்களோடு ஒன்றரை டன் வரும். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போனோம். வழக்கம்போல 110-இல்தான் போனேன், ஓட்டமெல்லாம் சுகமாகத்தான் இருந்தது. எப்போதும் ஒரு டாங்கி அடித்தால் பினாங்கு போய் வீடு திரும்பினாலும் மிச்சம் இருக்கும். இந்தத் தடவை திரும்பும்போது தைப்பிங் தாண்டுவதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 6 கிலோமீட்டர். வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். இன்ஜெக்டர் கழுவ வேண்டும், டர்போ பார்க்க வேண்டும், இரண்டாயிரம் வெள்ளி ஆகும் என்கிறார்கள். நண்பர் ஒருவர் எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். என் மனைவி கேரவனையே விற்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (வாசகர், ரவாங்)

பதில்: முதலில் அந்த இரண்டாயிரத்தைப் பையிலேயே வையுங்கள். இன்ஜெக்டர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ‘வழக்கம்போல 110-இல்தான் போனேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் டீசல் அந்த வரியில்தான் ஒழுகுகிறது.

கேரவன் கட்டியதும் எல்லாரும் பாரத்தைத்தான் நினைக்கிறார்கள். ஒன்றரை டன்னாச்சே, எஞ்சின் முக்காமல் என்ன செய்யும் என்று. தைப்பூசத்தில் பத்துமலைக்குப் பெரிய மயில் காவடி எடுத்தவர் யாராவது உங்கள் வீட்டுப் பக்கம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பாரம் கொஞ்ச தூரத்தில் தோளுக்குப் பழகிவிடும், சமதரையில் நடக்கும்போது அது பெரிய விஷயமே இல்லை. எதிரில் ஒரு காற்று அடித்தால்தான் ஆள் ஒரு அடி பின்னால் போவார். உங்கள் கேரவனும் காவடி மாதிரிதான். அகலம் இரண்டு மீட்டருக்கு மேல், உயரம் இரண்டரை மீட்டர், முகம் தட்டை, முதுகும் தட்டை. பிக்கப்பின் கூரைக்கு மேலேயும் இரண்டு பக்கத்திலும் நீட்டிக்கொண்டு நிற்கிற அந்தச் சுவர், போகிற வழியெல்லாம் காற்றை முட்டித் தள்ளுகிறது. பின்பக்கம் சட்டென்று முடிவதால் அங்கே காற்று சுழன்று வண்டியைப் பின்னாலிருந்து உறிஞ்சி வேறு இழுக்கும்.

எவ்வளவு என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் வண்டியின் பம்பரில் ஒரு கயிறு கட்டி யாரோ பின்னால் பிடித்து இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைலக்ஸ் தனியாக 110-இல் ஓடும்போது, டயர் உருளுவதற்கு 20 கிலோ, காற்றுக்கு ஒரு 70 கிலோ, ஆக 90 கிலோ இழுப்பு. கேரவனைக் கட்டி அதே 110-இல் போனால் டயர்களுக்கு 35, காற்றுக்கு 170, மொத்தம் 205 கிலோ. கூடுதலாக வந்த 115 கிலோவில் அந்த ஒன்றரை டன் எடையின் பங்கு 15 கிலோதான். மிச்சம் 100 கிலோ வெறும் காற்று! நீங்கள் அரிசி மூட்டையை இறக்கி, மாமியாரை ரயிலில் அனுப்பி, எப்படியோ 500 கிலோ குறைத்தாலும் இழுப்பில் 5 கிலோ குறையும், அவ்வளவுதான்.

இனி வேகத்துக்கு வருவோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு நேராக ஏறாது, வேகத்தை வேகத்தால் பெருக்கினால் வருகிற மாதிரி ஏறும். 90-இல் போவதற்கும் 110-இல் போவதற்கும் வேகத்தில் வித்தியாசம் 22 விழுக்காடு, காற்றில் வித்தியாசம் கிட்டத்தட்ட 50 விழுக்காடு. தனி வண்டியில் இது அவ்வளவாக உறைக்காது, ஏனென்றால் அங்கே காற்றின் இழுப்பே 70 கிலோதான். கேரவனோடு 90-இல் போனால் அந்த 205 கிலோ 150 ஆகிவிடும். இதை டீசலாக மாற்றினால் 110-இல் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் சொச்சம், 90-இல் எட்டரைப் பக்கம். நீங்கள் சொன்ன 6 என்ற கணக்கு ஒரு ஆரோக்கியமான எஞ்சின் தரவேண்டிய கணக்குதான். வண்டி உங்களிடம் பொய் சொல்லவில்லை.

ரவாங்கிலிருந்து பினாங்குக்கு நெடுஞ்சாலை ஓட்டம் 320 கிலோமீட்டர் என்று வைத்தால், 110-இல் 2 மணி 55 நிமிடம், 90-இல் 3 மணி 33 நிமிடம். ஒரு பயணத்துக்கு 38 நிமிடம் கூடுதல், 14 லிட்டர் மிச்சம். லிட்டர் 3 வெள்ளி என்று போட்டாலும் 42 வெள்ளி. தாப்பா ஓய்வுத்தலத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து தே தாரிக்கும் ரொட்டி சானாயும் சாப்பிட ஆகிற நேரம்தான் அந்த 38 நிமிடம், அதற்கான காசையும் அதுவே கொடுத்துவிடுகிறது. இடது தடத்தில் போங்கள். அங்கே போகிற பெரிய லோரிகளும் ஏறத்தாழ அந்த வேகம்தான், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் லோரியின் முதுகில் ஒட்டிக்கொண்டு போனால் காற்று மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிக்கப்பும் கேரவனுமாக மூன்றரை டன்னை நிறுத்த உங்களுக்குத் தேவைப்படுகிற தூரம் அந்த இடைவெளியில் இருக்காது.

மேட்டுக்கு மட்டும் எடை முக்கியம், சரி. அதையும் பயப்படுகிற அளவுக்கு நினைக்க வேண்டாம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு, தானா ராத்தா வரைக்கும், ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏற்றம். அந்த உயரத்துக்கு உங்கள் ஒன்றரை டன் கேரவனைத் தூக்கிக்கொண்டு போக ஆகிற டீசல், உத்தேசமாக ஒன்றே முக்கால் லிட்டருக்குள். அவ்வளவு பெரிய மலைக்கே அவ்வளவுதான். மேட்டில் எண்ணெயைக் கெடுப்பது பெரும்பாலும் கியர். ஆட்டோ கியரை அதன் போக்கில் விட்டால் ஆறாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் உள்ளே எஞ்சினையும் கியரையும் இணைக்கிற கன்வெர்ட்டர் பூட்டு விட்டு வழுக்கும், வழுக்குகிற அந்தச் சக்தி முழுக்கச் சூடாகி கியர் எண்ணெயில் சேரும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் மெனோரா சுரங்கப்பாதை வருகிற மலைப்பகுதி தெரியும் அல்லவா, அங்கே ஏறத் தொடங்கும் முன்பே கியர் குச்சியைப் பக்கவாட்டில் தள்ளி ஐந்தாவதிலோ நான்காவதிலோ பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் எஞ்சினுக்கு முழு முறுக்குவிசையும் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலிருந்து 2,800 சுற்றுக்குள் கிடைக்கிறது. 2,000 சுற்றுக்கு மேல் வைத்துக்கொண்டு, வேகம் 70-க்கு இறங்கினால் இறங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். 100-இலேயே ஏறிக் காட்டுகிறேன் என்று மிதிப்பவர்களைத்தான் நான் மறுவாரம் வொர்க்‌ஷாப்பில் பார்த்திருக்கிறேன். இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள்.

நண்பர் சொல்கிற சிப்பைப் பற்றி: சிப் போட்டால் எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் பலம் வரலாம். கேரவன் மேல் அடிக்கிற காற்று குறையாது. உங்களுக்குப் பலம் போதவில்லை என்று நீங்கள் எழுதவே இல்லையே.

இத்தனைக்கும் பிறகு, பார்க்க வேண்டிய ஒன்றிரண்டு விஷயங்கள் உண்டு, அவை பிக்கப்பில் இல்லை, கேரவனில் இருக்கின்றன. சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பரின் கேரவனை லுமுட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தேன். சித்தியவான் தாண்டியதும் ஏதோ கருகுகிற வாடை. இறங்கிச் சக்கரத்தின் நடுவில் கை வைக்கப்போனேன், வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கடையில் பிரேக் சரிபார்த்துக் கொடுத்திருந்தார்கள், வலதுபக்க பிரேக் கட்டையை இறுக்கியது இறுக்கியபடியே விட்டிருக்கிறார்கள். லுமுட்டிலிருந்து அதுவரைக்கும் பிரேக் பிடித்தபடியே வண்டியை இழுத்திருக்கிறேன். அன்றைக்கு எண்ணெய்க் கணக்கு கேவலமாக வந்ததில் ஆச்சரியமே இல்லை. அதனால் அரை மணி நேரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் தொடாமல் ஒதுங்கி நிறுத்தி, நான்கு சக்கரமோ இரண்டு சக்கரமோ, ஒவ்வொன்றின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் அல்லது பேரிங். ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

டயர் காற்று இன்னொன்று. கேரவன் மாதக்கணக்கில் வீட்டு முன்னால் வெயிலிலும் மழையிலும் கிடக்கும், காற்று தானாக இறங்கும், யாரும் பார்ப்பதில்லை. அதன் டயருக்கு எவ்வளவு என்று கேரவனின் தகட்டில் பொறித்திருக்கும், பிக்கப்பின் பின் டயர்களுக்குப் பாரம் ஏற்றினால் எவ்வளவு என்று ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும். இரண்டையும் டயர் குளிர்ந்திருக்கும்போதே அடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் டாங்கியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டாம், நூறு லிட்டர் நூறு கிலோ, எண்ணெய்க்கு அது பெரிய பாதிப்பு இல்லை என்றாலும் பாதி நிரம்பிய டாங்கி உள்ளே அலையடித்து வண்டியை ஆட்டும். அப்புறம், கட்டியபின் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். கேரவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றால் அடியிலும் காற்று வாங்கும், நிலையும் கெடும். கொக்கியின் உயரத்தைச் சரிசெய்து மட்டமாக நிற்க வைப்பதற்கு இரண்டாயிரம் வெள்ளி ஆகாது.

எஞ்சின் மேல் சந்தேகம் தீரவில்லை என்றால் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. கேரவனைக் கழற்றி வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பம்பில் குழாய் முதல் தடவை ‘டக்’ என்று நிற்கிறவரை நிரப்புங்கள். தாப்பா வரை 90-இல் போய்த் திரும்பி வந்து, அதே ஸ்டேஷன், அதே பம்ப், அதே முதல் ‘டக்’ வரை. ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் காட்டுகிற எண்ணை நம்ப வேண்டாம், அது கொஞ்சம் தாராள மனசுக்காரன். பன்னிரண்டோ அதற்கு மேலோ வந்தால் எஞ்சின் சுத்தம். ஒன்பது பத்து என்று வந்தால் அப்போது இன்ஜெக்டர்காரரைப் பார்க்கலாம், அதற்கும் முன்னால் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

உங்கள் மனைவியின் யோசனை. டீசலுக்காக விற்க வேண்டாம் என்று சொல்வேன். ஆனால் வருடத்துக்கு ஒரு பள்ளி விடுமுறைக்கு மட்டும் இழுப்பதாக இருந்தால் அவர் சொல்வதில் வேறு நியாயங்கள் இருக்கலாம், அதில் நான் தலையிட மாட்டேன்.

கேள்வி: ஐயா, என் தம்பி அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். ஃபோர்டு எஃப்-150 வைத்திருக்கிறான், 3.5 லிட்டர் டர்போ பெட்ரோல். 28 அடி டிராவல் டிரெய்லர், மூன்று டன். காலனுக்கு 9 மைல்தான் கொடுக்கிறதாம், புது வண்டியை ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று தினமும் போனில் புலம்பல். நான் கணக்குப் போட்டேன், லிட்டருக்கு 3.2 கிலோமீட்டர் வருகிறது! இது பிக்கப்பா, டாங்கிப் படை டாங்கியா? (வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: நீங்கள் படித்த காலத்துக் காலன் பிரிட்டிஷ்காரன் காலன், 4.5 லிட்டர். அமெரிக்கக் காலன் 3.8 லிட்டர்தான். அதனால் தம்பியின் கணக்கு லிட்டருக்கு 3.8 கிலோமீட்டர். தம்பியிடம் சொல்லி ஆறுதல்படுத்துங்கள், நீங்கள் போனிலேயே அவருக்குக் கொஞ்சம் மைலேஜ் ஏற்றிக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்த எண் அங்கே சர்வசாதாரணம். அந்த அளவு டிரெய்லரைப் பெட்ரோல் பிக்கப்பில் இழுக்கிறவர்கள் 8 முதல் 10 மைல் வரைக்கும்தான் சொல்வார்கள். நம் ஊர் பிக்கப்புகள் பெரும்பாலும் டீசல் என்பதால் நமக்கு அது அதிர்ச்சியாகத் தெரிகிறது. ஒரு லிட்டர் டீசலில் இருக்கிற சக்தி பெட்ரோலைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் அதிகம், டீசல் எஞ்சின் அதைப் பயன்படுத்துகிற விதமும் சிக்கனம். டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு இன்னொரு குணம் உண்டு: பாரம் இல்லாமல் மெதுவாகப் போனால் குருவி மாதிரி குடிக்கும், டர்போ முழுமூச்சில் வேலை செய்தால் சூட்டைத் தணிக்கத் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிக்கும். விளம்பரத்தில் போடுகிற மைலேஜ் குருவி வேளையில் எடுத்தது.

தம்பி என்ன வேகத்தில் போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரியும், 75 மைல். அங்கே சாலைகளில் அதற்கு அனுமதி உண்டு, அதனால் எல்லாரும் போகிறார்கள். 75 மைல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர். 65-க்கு இறங்கினால் காற்று கால்வாசி குறையும். எண்ணெயை விடுங்கள், டயரைப் பார்க்கச் சொல்லுங்கள்: அங்கே டிரெய்லருக்கென்று விற்கும் டயர்களில் சில 65 மைலுக்குத்தான் தரம் குறிக்கப்பட்டவை. பாலைவன வெயிலில் 75-இல் ஓட்டி டயர் வெடித்தால் மூன்று டன் டிரெய்லர் தம்பியின் பேச்சைக் கேட்காது.

ஒரு தடவை 8 மைல் வருகிறது, திரும்பி வரும்போது 11 வருகிறது, இது என்ன மாயம் என்றும் அவர் கேட்பார் பாருங்கள். மேற்கு டெக்சாஸ் கண்ணுக்கெட்டியவரை மொட்டைத் தரை, காற்று தடையில்லாமல் வரும். 60 மைலில் போகும்போது எதிரில் 20 மைல் காற்று அடித்தால், டிரெய்லருக்கு அது 80 மைலில் போகிற மாதிரி. காற்று எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். நம் பினாங்குப் பாலத்தில் பக்கக்காற்று அடித்தால் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்வோமே, அதுவே நாள் முழுக்க மூஞ்சியில் அடித்தால் எப்படி இருக்கும்!

சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் அடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். அங்கே வழக்கம், டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் உட்கார வேண்டும், மூன்று டன்னுக்கு 300 முதல் 450 கிலோ. அது குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும். எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று முன்பக்கத்தைக் காலி செய்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அதனால் ஒரு சொட்டு மிச்சமாகாது.

கேள்வி: யூரோ 5 பி7 டீசல், பி10 டீசலைவிட லிட்டருக்கு 20 காசு கூட. அதை ஊற்றினால் இழுக்கும்போது மைலேஜ் ஏறும் என்கிறார்களே? (வாசகர், செந்தூல்)

பதில்: ஏறாது. பி10-இல் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் 10 விழுக்காடு வரை, பி7-இல் 7 வரை. பயோடீசலில் சக்தி சாதாரண டீசலைவிடக் கொஞ்சம் குறைவு, பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்த மூன்று விழுக்காட்டு வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் என்பது 6.02 ஆகும். உங்கள் வண்டிக் கையேடு பி7 வரைதான் என்று சொன்னால் ஊற்றுங்கள், அது எஞ்சினுக்காக. மைலேஜுக்காக 20 காசு கொடுப்பது வீண்.

கேள்வி: நான் ரேஞ்சர் பிக்கப்புக்கு, வண்டியை உயர்த்துகிற லிஃப்ட் கிட் போட்டு, 265/65 டயரைக் கழற்றி 285/70 போட்டிருக்கிறேன், ரிம் அதே 17 அங்குலம். படகு டிரெய்லர் ஒன்று இழுப்பேன், மீன் பிடிக்க. மைலேஜ் ரொம்ப அடிவாங்கிவிட்டது. டயரை மாற்ற மனசில்லை. வேறு வழி? (வாசகர், கிள்ளான்)

பதில்: உங்கள் நஷ்டத்தில் ஒரு பகுதி நிஜமானது இல்லை என்று சொன்னால் சந்தோஷப்படுவீர்களா? பழைய டயரின் விட்டம் 776 மில்லிமீட்டர், புதியது 831. ஏழு விழுக்காடு பெரிது. மீட்டர் பழைய டயரை நினைத்துக்கொண்டே எண்ணுகிறது, அதனால் நீங்கள் 107 கிலோமீட்டர் ஓடினால் 100 என்று காட்டும். மைலேஜ் கணக்குப் போடும்போது கிலோமீட்டரை 1.07-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். வேகமும் அப்படித்தான், மீட்டர் 110 காட்டும்போது நீங்கள் அதைவிடக் கூட ஓடிக்கொண்டிருக்கலாம், கேமராவுக்கு உங்கள் டயர் கதையெல்லாம் தெரியாது.

மிச்ச நஷ்டம் நிஜம். தூக்கி நிறுத்திய வண்டியின் வயிற்றில் காற்று புகுந்து அடிக்கும், முரட்டு டயர் உருள மறுக்கும், பெரிய சக்கரம் என்பதால் ஒவ்வொரு கியரும் ஏழு விழுக்காடு உயர்ந்த மாதிரி ஆகி, இழுக்கும்போது எஞ்சின் தன் இதமான சுற்றுக்குக் கீழே திணறும். ஆறாவது கியரை மறந்துவிட்டு ஐந்தாவதில் ஓட்டிப் பாருங்கள். படகு பரவாயில்லை, கேரவன் மாதிரி சுவர் இல்லை. படகு மூடுகிற தார்ப்பாயை மட்டும் இழுத்துக் கட்டுங்கள், படபடவென்று அடித்துக்கொண்டு போகிற தார்ப்பாய் பாராசூட்தான். டயரை மாற்ற மனசில்லை என்று நீங்களே சொல்லிவிட்ட பிறகு நான் வேறு என்ன சொல்ல?

கேள்வி: பிக்கப்பின் பின்கதவைத் திறந்து போட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் போகும், எண்ணெய் மிச்சம் என்பது உண்மையா? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: தனி வண்டியிலேயே உண்மை இல்லை. மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடும், மேலே வருகிற காற்று அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். திறந்தால் அந்தச் சுழல் கலைந்துபோகும். டிரெய்லர் கட்டியிருக்கும்போது திறந்தால் கதவும் டிரெய்லரும் திருப்பத்தில் முத்தமிட்டுக்கொள்ளும்.

கேள்வி: அண்ணே, நானும் என் வீட்டுக்காரரும் பட்டர்வொர்த்திலிருந்து டிரெய்லர் கடை நடத்துகிறோம். புட்டு மாயம், அப்பம், நாசி லெமாக். காலையில் ஒரு இடம், சாயங்காலம் பாசார் மாலாம் (இரவுச் சந்தை), வாரத்தில் இரண்டு நாள் பாலம் தாண்டி பினாங்குத் தீவு. டிரெய்லர் எல்லாம் சேர்த்து 1,200 கிலோ. பழைய டி-மேக்ஸ் பிக்கப், டீசல் நிறைய குடிக்கிறது. நாங்கள் 60-க்கு மேல் ஓட்டுவதே இல்லை. எங்களுக்கும் காற்றுதான் காரணமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: இல்லை தங்கச்சி. மேலே நான் சொன்னதெல்லாம் நெடுஞ்சாலைக்காரர்களுக்கு. உங்கள் வேகத்தில் காற்று பெரிதாக ஒன்றும் செய்யாது, உங்களுக்கு எதிரி சமிக்ஞை விளக்கும் எடையும். நிற்கும் வண்டியை 50-க்குக் கொண்டுவர டீசல் எரிக்கிறீர்கள், அடுத்த சிவப்பு விளக்கில் பிரேக் பிடித்து அதை அப்படியே சூடாக்கி வீசிவிடுகிறீர்கள். டிரெய்லருக்காக மட்டும் பார்த்தால், இப்படி நூறு தடவை நின்று கிளம்பினால் ஏறத்தாழ ஒரு லிட்டர். டி-மேக்ஸின் சொந்த எடைக்கு இன்னும் ஒன்றரை லிட்டர் பக்கம். பாலத்து நெரிசலில் நூறு தடவை நிற்பது ஒரு வாரத்துக்குள் ஆகிவிடும்.

அதனால் உங்களுக்கு எடையைக் குறைப்பது வேலை செய்யும். கடை முடிந்து திரும்பும்போது தண்ணீர் டாங்கியையும் கழிவு நீரையும் காலி செய்துவிட்டுக் கிளம்புகிறீர்களா? (கழிவு நீரைக் கால்வாயில் விடாதீர்கள், நகராண்மைக் கழகத்துக்காரர் பார்த்தால் டீசலைவிடப் பெரிய செலவு.) இரண்டு கேஸ் உருளை போதும் என்கிற நாளில் நான்கு ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். தேங்காய், அரிசி எல்லாம் அன்றன்றைக்கு வேண்டியது மட்டும். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அப்போதே காலை எடுத்துவிட்டு உருளவிடுங்கள், பச்சை விழும்போது வண்டி நகர்ந்துகொண்டிருந்தால் அதுவே லாபம். உங்கள் வீட்டுக்காரர்தான் ஓட்டுகிறார் என்றால் இதை அவர் படிக்கும்படி கடையில் ஒட்டி வையுங்கள்.

கடை நடக்கும்போது எஞ்சின் ஓடுகிறதா? விளக்குக்கும் மின்விசிறிக்கும் பிக்கப்பை ஓடவிட்டு மின்சாரம் எடுக்கிறவர்களைப் பாசார் மாலாமில் பார்த்திருக்கிறேன். சும்மா நிற்கிற டீசல் எஞ்சின் மணிக்கு அரை லிட்டருக்கும் மேல் குடிக்கும், ஏர்கோனும் ஓடினால் இன்னும் கூட. நான்கு மணி நேரக் கடைக்கு இரண்டு மூன்று லிட்டர் போய்விடும், அதாவது பாலம் தாண்டிப் போகிற டீசலில் பெரும்பங்கு வண்டி அசையாமலேயே எரிந்துவிடுகிறது. உங்கள் கடையிலும் அப்படி என்றால் முதலில் அதை நிறுத்திவிட்டு, விளக்குக்குத் தனியாக ஒரு பேட்டரி வாங்குங்கள். டிரெய்லரின் பிரேக்கையும் ரவாங் வாசகருக்குச் சொன்ன மாதிரி தொட்டுப் பார்த்துவிட்டு, சக்கரம் சுட்டால் மறுபடி எழுதுங்கள்.